மூன்றாவது பெடல்

ஜெப்சி அக்காவிடம் கார் ஓட்டப் பழகியவர்கள் நாகர்கோவிலில் ஆயிரம் பேராவது இருப்பார்கள். நானும் ஒருத்தி. டீச்சர், நர்ஸ், முட்டத்தில் மீன் ஏலம் எடுக்கிற பெண்கள் என்று, ஆண் மாஸ்டரிடம் போகத் தயங்கியவர்கள் எல்லோரும் அக்காவைத் தேடித்தான் வருவோம். வெட்டூர்ணிமடத்தில் வீடு. வீட்டின் முன்னறைதான் டிரைவிங் ஸ்கூல். நடுரோட்டில் வண்டி நின்றுபோய், பின்னால் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் இருந்தாலும் அக்கா சத்தம் போடமாட்டார். "அவன் அடிக்கட்டும் மக்கா. நீ கிளட்ச மிதி. பைய. இனி சாவியத் திருப்பு" என்பார்.

அவருடைய தொழில் கார் ஓட்டுவது என்று சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருஷமாக இடது பக்க சீட்டில் உட்கார்ந்து, அடுத்தவர்கள் ஓட்டும்போது பயப்படாமல் இருப்பதுதான் அவர் தொழில். ஸ்டீயரிங் அவர் கைக்கு வருவதே குறைவு. அதனால்தானோ என்னவோ, நாற்பத்தெட்டு வயதில் தனக்கென்று ஒரு கார் வேண்டும் என்று நினைத்தபோது, இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார்தான் வேண்டும் என்று நினைத்தார். குலசேகரத்தில் அப்பா விட்டுப்போன ரப்பர் தோட்டத்தில் அவர் பங்கை விற்ற பணம் வங்கியில் கிடந்தது. மகள் பிரீனா படித்து முடித்துச் சென்னையில் வேலைக்குப் போயாயிற்று. கணவர் குமாரதாஸ் அண்ணனிடம் சொன்னபோது அவர் சிரித்தார். பிறகு, "வாங்கேன். உனக்க ரூவாதானே" என்றார்.

திருநெல்வேலி ஷோரூமில் விற்பனைப் பிரிவில் இருந்த பையன் ஷிஜின், மார்த்தாண்டத்துக்காரன். அக்காவிடம் பழகப் பெண்கள்தான் அதிகம் வருவார்கள் என்றாலும், ஆண்களும் உண்டு. இவன் அவர்களில் ஒருவன். பார்த்த உடனேயே, "அக்கா, உங்களுக்குத்தானா வண்டி!" என்று காப்பி வாங்க ஓடினான்.

அந்தக் காரில் இரண்டு தரம் இருந்தது. ஒன்று பேஸ் மாடல். துணி சீட், கொஞ்சம் சின்ன சக்கரம், சாதாரண பாட்டுப் பெட்டி, ஆறு கியர், கிளட்ச். மற்றது டாப் எண்ட். தோல் சீட், பெரிய அலாய் வீல், கண்ணாடிக் கூரை, தொட்டால் வேலை செய்கிற பெரிய திரை. ஆனால் டாப் எண்டில் கியர் கிடையாது, ஆட்டோமேட்டிக் மட்டும்தான். இன்ஜின் இரண்டிலும் ஒன்றே.

அக்கா இரண்டையும் ஓட்டிப் பார்த்தார். நாலுவழிச் சாலையில், காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழிக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளுகிற இடம் வரைக்கும் போய்த் திரும்பினார். டாப் எண்ட் நன்றாகத்தான் இருந்தது. "சோபாவுல இருந்து டிவி பாத்த மாதிரி" என்று என்னிடம் சொன்னார். பேஸ் மாடலை ஓட்டிவிட்டு இறங்கியபோது கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். மூன்றாவது கியரிலிருந்து நாலுக்குப் போகும்போது கைக்குள் ஒரு சின்ன சொடக்கு கேட்டது, அது போதும் என்றார்.

"அக்கா, இவ்வளவு போட்டு வாங்குதிய. டாப் எண்டே எடுத்திருங்க. திரும்ப விக்கும்போதும் மதிப்பு நிக்கும்" என்று ஷிஜின் சொன்னான்.

"விக்கதுக்கா மக்கா வாங்குதேன்? நான் ஓட்டதுக்கு வாங்குதேன். எனக்குக் கியர் வேணும். பேஸ் மாடல், சாம்பல் நீலம். எழுதிக்க."

அண்ணன் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

புக்கிங் ஜனவரியில் நடந்தது. வண்டி வர நாலு மாதம் ஆகும் என்றார்கள். மார்ச், ஏப்ரலில் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வண்டி பழக வருகிற காலம், அக்காவுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஷோரூம் காகிதங்களை எல்லாம் அண்ணன்தான் பார்த்துக்கொண்டார். ஒருநாள் அக்கா வண்டி பழக்குகிற கோணம் மைதானத்துக்கே வந்து, பயிற்சிக் காரின் பானெட்டில் நாலைந்து காகிதத்தை விரித்து, "இதுல எல்லாம் ஒரு கையெழுத்துப் போடு. ரெஜிஸ்ட்ரேஷனுக்கு" என்றார். உள்ளே ஒரு நர்ஸ் பெண் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தாள். அக்கா நின்ற வாக்கில் போட்டுக் கொடுத்தார். புருஷன் கொண்டுவந்த காகிதத்தை யார் வாசிப்பார்கள்?

டெலிவரியைச் சபைக் காம்பவுண்டில் வைக்க வேண்டும் என்றது அண்ணன் யோசனை. அவர் சபைச் செயலாளர். மே மாதம் ஒரு சனிக்கிழமை, போதகர் ஜெபம் பண்ண வந்திருந்தார். பழைய மாணவிகள் முப்பது பேர் போயிருந்தோம். பிரீனா சென்னையிலிருந்து வந்திருந்தாள். வேப்பமரத்துக்குக் கீழே, பளபளப்பான துணி போர்த்தி வண்டி நின்றது. அக்கா மாம்பழ நிறத்தில் பட்டுச்சேலை கட்டியிருந்தார். அவர் பட்டுக் கட்டி நான் பார்த்ததே இல்லை.

துணியை இழுத்தார்கள். சிவப்புக் கார்.

எல்லோரும் கை தட்டினோம். எங்களுக்கு எது பேஸ், எது டாப் எண்ட் என்று தெரியாது. அக்கா மட்டும் கை தட்டவில்லை. ஷிஜினிடம் போய், தாழ்ந்த குரலில், "வண்டி மாறிப் போச்சா மக்கா?" என்று கேட்டார். அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் அதற்குள் மைக்கைக் கையில் எடுத்திருந்தார்.

"எனக்க மனைவி எப்பவுமே தனக்குக் குறைஞ்சது போதும்னு நெனைக்கக் கூடியவ. அவ பேஸ் மாடல்தான் கேட்டா. நாந்தான் மாத்திட்டேன். இது எனக்க பரிசுன்னு வச்சுக்கிடுங்க."

மறுபடியும் கைதட்டல். போதகர், இப்படிப்பட்ட கணவன்மார் இந்தச் சபையில் பெருகட்டும் என்று சொல்லி ஜெபித்தார். ஆமென் சொன்னோம். நானும் சொன்னேன்.

ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். அக்கா ஏறி உட்கார்ந்து கீழே பார்த்தார். இரண்டு பெடல். அதைப் பார்த்த பிறகும் அவர் இடது கால் தானாகவே உயர்ந்து, கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் இறங்கி, வெறும் தரையில் முட்டியது. "ஆயிரம் பேருக்கு முன்னால துணி உருவின மாதிரி இருந்து மோளே" என்று பின்னால் என்னிடம் சொன்னார். காம்பவுண்டை ஒருமுறை சுற்றி வந்து நிறுத்தினார். கண் நிறைந்திருந்தது. யாரோ அதைப் போட்டோ எடுத்து, 'ஆனந்தக் கண்ணீர்' என்று சபை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பிரீனாவைத்தான் முதலில் கேட்டார். "உனக்குத் தெரியுமா?"

"அம்மா, அப்பா சர்ப்ரைஸ்னு சொன்னாவ. நான் நெனச்சேன், உங்களுக்கு சந்தோசமா இருக்கும்னு..."

"நான் என்ன கேட்டேன்னு உனக்குத் தெரியுமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அண்ணன் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ஏட்டி, இப்ப என்ன நடந்துபோச்சு? நல்லதுதானே வந்திருக்கு. ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்லிட்டு துணி சீட்டு வண்டியக் கொண்டு நிறுத்தினா நாலு பேரு என்ன சொல்லுவா? கிளட்ச் மிதிச்சு மிதிச்சு உனக்க முட்டும் வலிக்கு" என்றார்.

"எனக்க முட்டு வலிக்குன்னு நான் எப்பச் சொன்னேன்?"

"சொல்லாட்டா எனக்குத் தெரியாதா?"

"நீங்க எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா? அத மட்டும் சொல்லுங்க."

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லுவ."

அக்கா செல்போனை எடுத்தார். ஷிஜினுக்குப் போன் போட்டார். நீல வண்டி இருக்கிறதா, மாற்ற முடியுமா என்று கேட்டார். அவன் இழுத்து இழுத்துச் சொன்னான். அந்த வண்டி வேறொருவருக்குப் போய்விட்டது. கம்பெனி கியர் வண்டி செய்வதையும் நிறுத்திவிட்டது. இதற்கு ரெஜிஸ்ட்ரேஷனும் முடிந்துவிட்டது.

"நீ எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்லா மக்கா. நீ எனக்கிட்ட படிச்சவன்லா."

அவன் சொன்னான், "மாத்த சம்மதம்னு நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர் இருந்துல்லா அக்கா."

பானெட்டில் விரித்த அந்தக் காகிதங்களில் அது ஒன்று. கூடுதல் பணத்தை அக்கா கணக்கிலிருந்து எடுக்க வங்கிக்கு எழுதியது இன்னொன்று.

இவ்வளவோடு முடிந்திருந்தால், புருஷன்மார் செய்கிற காரியம் என்று அக்கா ஆறியிருப்பார். அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், கேட் திறக்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். சிவப்புக் கார் பின்னால் நகர்ந்து தெருவுக்கு இறங்கியது. வலது பக்கம் தண்ணீர்த் தொட்டி, இடது பக்கம் மின்கம்பம், நடுவில் இடறாமல், தயங்காமல், ஒரே வளைவில். பழகினவர் கை என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஓட்டியவர் குமாரதாஸ் அண்ணன்.

அண்ணனுக்கு வண்டி ஓட்ட வராது என்பது ஊருக்கே தெரியும். கல்யாணத்துக்கு முன்பே யாரையோ பிடித்து எடுத்த லைசென்ஸ் மட்டும் புதுப்பித்துப் புதுப்பித்து வைத்திருந்தார். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அக்காவிடம் மூன்று நாள் பழகினார். மூன்றாம் நாள் கோணம் மைதானத்தில், கிளட்ச் காலுக்குப் பிடிபடாமல், வண்டி ஏழு தடவை நின்றது. இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அரை மணி நேரம் கழித்து அவர் திரும்பி வந்தபோது அக்கா வாசலில் நின்றார்.

"யாரு படிப்பிச்சது?"

அண்ணன் சாவியைக் கையில் உருட்டினார். "ஷிஜின்."

"எப்போ?"

"பிப்ரவரில. நாலஞ்சு சனிக்கிழம. ஷோரூம் ஆட்டோமேட்டிக் வண்டில."

அந்தச் சனிக்கிழமைகள் அக்காவுக்கு நினைவிருந்தன. வள்ளியூரில் இருக்கிற தன் தமக்கைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அண்ணன் போனவை. ஒருமுறை அந்த நாத்தனாருக்கு என்று அக்கா மீன் ஊறுகாய் கூடப் போட்டுக் கொடுத்தார்.

"அப்போ எனக்காக மாத்தல்ல. உங்களுக்கு ஓட்டதுக்கு மாத்தியிருக்கிய."

அண்ணன் முகம் சிவந்தது. "ஆமா. எனக்கும் ஒரு ஆச இருக்காதா? ஊரெல்லாம் எனக்க பொண்டாட்டிகிட்ட வண்டி படிக்கு. நான் இடது பக்கம் இருந்துட்டு வாறேன். ஒனக்கிட்ட எனக்குப் படிக்க முடியாது. அன்னைக்கு வண்டி நின்னப்ப நீ சிரிச்ச. ஒனக்கு ஓர்மை இருக்காது."

அக்காவுக்கு ஓர்மை இருந்தது. ஏழாவது தடவை வண்டி குலுங்கி நின்றபோது, மைதானத்து ஓரத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேறு எந்த மாணவரிடமும் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

இதை என்னிடம் சொல்லும்போது அக்கா, "நான் சிரிச்சது தப்புதான். அத அப்பவே சொல்லியிருந்தா கால்ல விழுந்திருப்பேன். ஆனா பதினஞ்சு வருசம் மனசுல வச்சிட்டு, எனக்க அப்பாக்க தோட்டத்த வித்த பணத்துல, எனக்க கையெழுத்தையே வாங்கி, எனக்குப் பரிசுன்னு மைக்குல சொல்லி... அத எப்பிடி மோளே செரிக்க?" என்றார்.

ஆறு வாரம் கார் போர்ட்டிகோவில் நின்றது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக்கு ஓட்டிப்போனார். இளைஞர்கள் சுற்றி நின்று செல்பி எடுத்தார்கள். அக்கா ஸ்கூட்டரில் போய் மாலை ஆராதனையில் உட்கார்ந்தார். ஜூலையில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார்.

"வண்டிய விக்கப் போறேன். திருநெல்வேலில ஒரு பல் டாக்டர் கேக்காரு."

அண்ணன் கையைச் சோற்றிலிருந்து எடுத்தார். "ஆளுக கேட்டா நான் என்ன சொல்ல?"

"மாத்தினப்ப எனக்கிட்ட என்ன சொல்லணும்னு யோசிச்சியளா? வண்டி எனக்க பேர்ல. நான் உங்ககிட்ட முன்னாலயே சொல்லுதேன். அவ்வளவுதான்."

அவர் கெஞ்சிப் பார்த்தார். கோபப்பட்டுப் பார்த்தார். பிரீனாவை விட்டுப் பேசச் சொன்னார். அக்கா மசியவில்லை. கடைசியில் அண்ணன் ஒன்று கேட்டார், "திருநெல்வேலி வரைக்கும் நான் ஓட்டிட்டு வரட்டா?" அக்கா சரி என்றார்.

அப்படியாக, பழகிய அந்த மூன்று நாளைத் தவிர்த்தால், கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் முதல்முறையாக அவர் ஓட்ட, அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். தோவாளை தாண்டினார்கள். ஆரல்வாய்மொழியில் காற்று பிடித்துத் தள்ளியது. அண்ணன் பதறாமல் ஸ்டீயரிங்கை லேசாகக் கொடுத்து நேராக்கினார். கண்ணாடி பார்த்தார், லாரிக்கு இடம் விட்டார்.

"எப்பிடி ஓட்டுதேன்?" என்று ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"நல்லாட்டு ஓட்டுதிய."

அது உண்மை. உண்மையாக இருந்ததுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. வேறொருவன் நாலைந்து நாளில் இவ்வளவு சொல்லிக் கொடுத்திருக்கிறான். அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நாங்குநேரி வரும் வரை திருப்பவில்லை.

டாக்டர் வீட்டில் சாவி கொடுத்தபோது அண்ணன் காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அக்காவுக்குப் பாவமாக இருந்தது. அதற்காக மனது மாறவில்லை. ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள்.

இன்றும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். அக்கா சமைக்கிறார், அண்ணன் பாத்திரம் கழுவுகிறார், சபைக் காரியம், மகள் கல்யாணம் எல்லாம் பேசிக்கொள்கிறார்கள். ஷிஜின் கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவந்தான். அக்கா வாங்கி வைத்தார், உள்ளே வா என்று சொல்லவில்லை. போன மாதம் நான் அங்கே இருந்தபோது அண்ணன் செல்போனை நீட்டிக்கொண்டு வந்தார். கொல்லத்தில் யாரோ அதே கார், பேஸ் மாடல், கியர் வண்டி, பழையது விற்கிறார்களாம்.

"விசாரிச்சு வைக்கட்டா ஜெப்சி?" என்றார். குரலில் உண்மையாகவே ஒரு ஆசை இருந்தது.

அக்கா திரையைப் பார்த்தார். சாம்பல் நீலம் அல்ல, வெள்ளை. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நம்பர மட்டும் எனக்கு அனுப்புங்க. நான் பேசிக்கிடுதேன்."