தம்பியை யார் தூக்குவது?

சத்துணவுக் கூடத்தின் வெளிச்சுவரில், தரையிலிருந்து சரியாக நாலடி உயரத்தில், சிவப்புச் சாக்பீஸால் இழுத்த ஒரு கோடு. அரையாண்டு விடுமுறையில்தான் அந்தச் சுவருக்கு வெள்ளையடித்திருந்தோம். கோட்டைக் கண்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. எந்தப் பிள்ளையின் வேலை என்று நான் சத்தம் போட்டுக்கொண்டு நிற்க, உள்ளேயிருந்து கரண்டியும் கையுமாகச் சத்துணவு அமைப்பாளர் அம்மா எட்டிப் பார்த்தார். "நான்தான் சார் போட்டேன். உங்க மேசையில இருந்துதான் சாக்பீஸு எடுத்தேன். அதுக்கும் சேத்து வைஞ்சிருங்க" என்றார்.

மதிய உணவுக்குத் தட்டோடு வரும் பிள்ளைகள் அந்தச் சுவரை ஒட்டித்தான் வரிசையில் நிற்பார்கள். யாருடைய தலை கோட்டுக்கு மேலே, யாருடைய தலை கீழே என்று சோறு போட்டபடியே அவர் பார்த்துக்கொண்டார். மதுரைப் பக்கம் நாங்கள் போகவிருந்த தீம் பார்க்கில், நாலடிக்குக் குறைந்த பிள்ளைகளைப் பெரிய சறுக்குகளில் ஏற்றமாட்டார்கள். அதைத் தொலைபேசியில் கேட்டு வைத்திருந்தவரும் அவர்தான். செய்தி பரவியதும், கோட்டுக்குக் கீழே நின்ற சிலர் உச்சிக்கொண்டை போட்டுக்கொண்டு வரத் தொடங்கினார்கள். அவர் கொண்டையை அமுக்கிவிட்டுத்தான் அளந்தார்.

பரளச்சிக்கும் திருச்சுழிக்கும் நடுவில் உள்ள ஒரு சிற்றூரின் நடுநிலைப் பள்ளியில் நான் தலைமையாசிரியராக இருந்தேன். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை நாற்பத்து மூன்று பிள்ளைகள். நான் இரண்டு முதுகலைப் பட்டம் வாங்கியவன். பெயர்ப்பலகையில் பெயரைவிடப் பட்டங்கள் நீளமாக இருக்கும். அமைப்பாளர் பத்தாம் வகுப்பு. ஆனால் பல வருடங்களாக அந்தப் பள்ளிக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவர்.

போன வாரம் என் மகள் தொலைபேசியில் அழைத்தாள். விடுமுறைக்குக் குடும்பத்துப் பிள்ளைகள் ஐந்து பேரையும் அதே போன்ற ஒரு பூங்காவுக்குக் கூட்டிப் போகப் போகிறார்களாம். மூத்தவனுக்குப் பதினைந்து வயது, கடைக்குட்டிக்கு இரண்டு. "நீங்கதான்ப்பா டூர் போடுறதுல கில்லாடி. ஒரு ப்ளான் எழுதிக் குடுங்க" என்றாள். தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். அந்தக் கலையை நான் கற்பதற்கு முன்னால் ஒரு தவறு செய்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

கோடு போடுவதற்கு முந்தைய வருடமும் அதே மதுரைப் பூங்காவுக்குப் போனோம். ஆனால் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளை மட்டும் கூட்டிப் போனேன். சின்னப் பிள்ளைகள் வந்தால் தொல்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அப்பா ஆந்திராவில் முறுக்குப் போடும் வேலைக்குப் போயிருந்தார். அம்மாவை விடிவதற்கு முன்பே மில் வேன் ஏற்றிக்கொண்டு போய்விடும். பால்வாடிக்குப் போகும் தம்பியைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தலைசீவி, இடுப்பில் வைத்துக் கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் அவள் பள்ளிக்கு வருவாள். நாங்கள் கிளம்பும் சனிக்கிழமை பால்வாடி கிடையாது. அவள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சார், தம்பியையும் கூட்டிட்டு வாரேன் சார். சீட்டு வேணாம். மடியிலயே வச்சுக்கிறேன்."

நான் எழுதிக்கொண்டிருந்ததிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னேன்: "டூருக்கு வாரியா, பிள்ளை வளக்க வாரியா? தம்பி வந்தா நீ வராத."

வகுப்பு சிரித்தது. சிரிக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். அவள் வரவில்லை. திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில், போய்வந்த பதினாறு பேரையும் முன்னால் அழைத்து அனுபவத்தைச் சொல்லச் செய்தேன். ஒவ்வொருவரும் பேசி முடித்ததும் எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். வரிசையில் நின்று அவளும் கைதட்டினாள். பதினாறு தடவை. அதை நான் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. அன்று மதியம் அமைப்பாளர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "நல்லாப் போயிட்டு வந்தீகளா சார்?" அந்தக் கேள்வியின் தொனி இன்றும் என் காதில் இருக்கிறது.

அடுத்த வருடம் அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்புக்குத் திருச்சுழிக்குப் போய்விட்டாள். தம்பி எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான். தை பிறந்ததும் அமைப்பாளர் என் அறைக்கு வந்தார்.

"சார், இந்த வருசம் மொத்தப் பள்ளிக்கூடமும் போகணும்."

"ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்க அங்க வந்து என்னம்மா பண்ணும்?"

"பெருசுக என்ன பண்ணுச்சோ அதைத்தான் சார். கொஞ்சம் சின்னதாப் பண்ணும்."

"பஸ்ஸுல பூராவும் வாந்தி எடுக்கும்."

"பூராவும் இல்ல, பதினோரு பேரு எடுக்கும். பேரு சொல்லவா? அதுல மூணு பேரு எட்டாப்பு."

"எதாவது ஒண்ணு தொலைஞ்சு போச்சுன்னா?"

"போன வருசம் ஒண்ணு தொலைஞ்சுச்சே சார், அது ஏழாப்புல்ல?"

எனக்கு முகம் செத்துவிட்டது. ஐஸ்கிரீம் கடைப் பக்கம் அரைமணி நேரம் காணாமல் போன ஒருவனைப் பற்றி நான் ஊரில் மூச்சு விடவில்லை. பிள்ளைகள் சாப்பாட்டு வரிசையில் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிடுவார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஒப்புக்கொண்டேன். செலவை அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரம் செய்யும் பழைய மாணவர் ஒருவர் ஏற்றார். முழுத்தாளில் கோடு போட்டு நானே திட்டம் எழுதினேன். வகுப்புக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ஒரு தலைவர், எந்த வரிசை எத்தனை மணிக்கு எங்கே என்று எல்லாம் அதில் இருந்தது. அமைப்பாளர் அதை வாங்கி நிதானமாகப் படித்தார். "நல்ல கையெழுத்து சார்" என்றார். பிறகு, "இந்தப் பிள்ளைகள வீட்டுல வகுப்பு வகுப்பாவா வளக்குறாக?" என்று கேட்டார்.

ஒன்றாம் வகுப்பில் ஒன்பது பிள்ளைகள். அதில் ஏழு பேருக்கு அக்காவோ அண்ணனோ இதே பள்ளியில் இருந்தார்கள். பெற்றவர்கள் மில்லுக்கும் காட்டுக்கும் போன பிறகு இவர்களை வளர்ப்பது அந்தப் பெரிய பிள்ளைகள்தான். வகுப்புவாரியாகப் பிரித்தால், பகல் முழுக்க இது அதைத் தேடும், அது இதைத் தேடும். சேர்த்து விட்டாலோ, பெரியது நாள் முழுக்கச் சின்னதைத் தூக்கிக்கொண்டே அலையும்.

"வீட்டுலயும் அதான் தூக்குது. அங்க போயும் அதான் தூக்கணுமா? பெரியாளு நாம எட்டுப் பேரு போறோம்ல சார். நாம தூக்குவோம்."

திட்டம் தலைகீழானது. பஸ்ஸிலும் சாப்பாட்டிலும் அக்கா தம்பிகள் சேர்ந்து இருப்பார்கள். சறுக்குகளுக்கு வந்ததும், கோட்டுக்குக் கீழே உள்ளவர்களைப் பெரியவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். கோட்டுக்கு மேலே உள்ளவர்களின் கை காலியாக இருக்க வேண்டும். மதியம் முழங்கால் அளவுத் தண்ணீரில் எல்லோரும் ஒன்றாக விளையாடலாம். இவ்வளவுதான். என் மகளுக்கு நான் எழுதி அனுப்பிய தாளிலும் முதல் வரி இதுதான்: எந்தப் பெரியவர் எந்தக் குழந்தையைத் தூக்குவது என்று முதலில் எழுதிக்கொள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மிகச் சின்ன ஆறு பேரை அமைப்பாளர் என் பெயருக்கு எதிரே எழுதினார். "எனக்கா?" என்றேன். "உங்களுக்குத்தான் சார். நீங்க சத்தம் போட்டாப் பயப்படாதது இந்தப் பள்ளிக்கூடத்துல அதுக மட்டுந்தான்." அந்த ஆறு பேரில் ஒருவன் அந்தத் தம்பி. அவன் அக்கா இல்லாமல் வரமாட்டேன் என்று தரையில் உருண்டான்.

ஒரு சாயங்காலம் ஸ்கூட்டரில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் அந்தப் பெண் எழுந்து, என் மேசைக்கு முன்னால் நின்றதைப் போலவே நின்றாள். "தம்பியைப் பாத்துக்கிறதுக்கு நீயும் கூட வாம்மா" என்றேன். அவள் தரையைப் பார்த்தபடி, "எனக்குப் பரீட்சை இருக்கு சார்" என்றாள். நாங்கள் கிளம்பவிருந்த சனிக்கிழமை எந்தப் பள்ளியிலும் பரீட்சை இல்லை. அது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

மறுநாள் அமைப்பாளரிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்த கை நின்றது. "என்ன சொல்லிக் கூப்பிட்டீக?" சொன்னேன். "போன வருசம் தம்பி இருக்கான்னு அவளை வேணாம்னீக. இந்த வருசம் தம்பி இருக்கான்னு வான்னு சொல்றீக. அவளை எப்ப சார் கூப்பிடுவீக?"

அன்று சாயங்காலமே திரும்பப் போனேன். "நீ வரணும்மா. தம்பியைப் பாத்துக்க இல்ல. விளையாடுறதுக்கு" என்றேன். அவள் நம்பவில்லை.

"அப்பத் தம்பி?"

"நான் தூக்கிக்கிறேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இடுப்புல நிக்கமாட்டான் சார். தோளுல ஏறுவான்."

"ஏறட்டும்."

"முடியப் பிடிச்சு இழுப்பான்."

"இருக்கிறது கொஞ்சந்தான். இழுக்கட்டும்."

"ஒண்ணுக்குப் போயிருவான் சார்."

"போகட்டும்."

அப்போதுதான் சிரித்தாள். எட்டு வருடம் என் பள்ளியில் படித்த பெண். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்தச் சனிக்கிழமை பொழுது புலரும்போது பஸ் கிளம்பியது. ஊரே வந்து வழியனுப்பியது. "குடத்துத் தண்ணிக்கே நாள் பூராக் காத்துக் கெடக்கோம், அங்க அலையடிக்குதாம்ல!" என்று ஒரு தாய் பயமும் ஆசையுமாகச் சொன்னாள். அருப்புக்கோட்டை தாண்டுவதற்குள் ஒன்பது பேர் வாந்தி எடுத்தார்கள். பதினொன்றுக்கு இரண்டு குறைகிறதே என்று அமைப்பாளர் திரும்பிப் பார்த்தபோது, கடைசி சீட்டில் ஆறு பொடிசுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த நான் பத்தாவது ஆளானேன். அவர் ஓர் எலுமிச்சம்பழத்தை நீட்டினார்.

பூங்காவில், பெரிய சறுக்கின் வாசலில் உயரம் பார்க்கும் கம்பு நட்டிருந்தது. அதனடியில் எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகள் அழுதுகொண்டு நின்றார்கள். எங்கள் பிள்ளைகளில் ஒருவர்கூட அங்கிருந்து ஏமாந்து திரும்பவில்லை. கீழே உள்ளவர்களுக்குத் தாங்கள் கீழே என்பது ஒரு மாதமாகத் தெரியும். அவர்கள் குட்டி ரயிலைத் தேடி என்னை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். நகரத்துப் பள்ளி ஒன்றின் ஆசிரியர், வகுப்புவாரியாக வரிசை நிறுத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தவர், என்னிடம் வந்து, "யார் சார் உங்களுக்கு இதைப் ப்ளான் பண்ணினது?" என்று கேட்டார். ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டிருந்த அமைப்பாளரைக் காட்டினேன். என் பணிக்காலத்தில் நான் கர்வத்தோடு உண்மை சொன்ன தருணங்களில் அது ஒன்று.

ரயிலை முடித்துக்கொண்டு பெரிய சறுக்கின் கீழே வந்து நின்றோம். தம்பி என் தோளில். அந்தப் பெண் படியேறி உச்சிக்குப் போயிருந்தாள். அவளை அவ்வளவு உயரத்தில் கண்டதும் இவன் "அக்கா!" என்று வீறிட்டான். மேலே அவள் திரும்பினாள். வரிசையிலிருந்து விலகி, இரண்டு படி கீழே இறங்கினாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். இன்னொரு படி இறங்கினாள். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளை அதட்டிய குரலை எடுத்து நான் கத்தினேன்: "இறங்காதம்மா! இவன் என்கிட்ட இருக்கான்! நீ போ!"

"அழுதா அழுகட்டும் புள்ள! சறுக்கிட்டு வா!" என்று அமைப்பாளரும் கத்தினார்.

அவள் தம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு படியேறிப் போய் உட்கார்ந்தாள். வளைவுகளுக்குள் அவள் மறைந்தபோது கேட்ட கூச்சல் பயமா சந்தோஷமா என்று பிரிக்க முடியவில்லை. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து விழுந்தாள். எங்கள் பள்ளியின் பெரிய பிள்ளைகள் எல்லோரும் கைதட்டினார்கள். நான் சொல்லித் தட்டவில்லை. என் சட்டை முதுகுப்பக்கம் சூடாக நனைவதை அப்போதுதான் உணர்ந்தேன். அவள் முன்கூட்டியே சொன்னதுதான்.

மன்னிப்பு என்ற சொல்லை நான் அவளிடம் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. இப்போது அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியும், போய்ச் சொல்லலாம். சொல்லாமல் இருக்கிறேன். இது என் குறைதான், மறைக்க ஒன்றுமில்லை.

அன்று அவள் முகத்தில் ஒட்டிய முடியை ஒதுக்கிக்கொண்டு, தம்பியின் கண்ணில் படாமல் என் முதுகுப் பக்கமாக வந்து நின்று, ரகசியமாகக் கேட்டாள்: "சார், இன்னொரு தடவ போயிட்டு வரவா?" போ என்றேன். இரண்டாவது தடவை முடிந்ததும் வந்து கேட்டாள். மூன்றாவது முடிந்ததும் தூரத்திலிருந்தே கையைக் காட்டிக் கேட்டாள். நானும் கையாலேயே போகச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் ஏழு தடவை சறுக்கினாள். எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.