வெடிப்பின் மேல் வாழைக்கன்று

சிறுமலையிலிருந்து திண்டுக்கல்லுக்கு இறங்கும் சாயங்கால பஸ்ஸில் சில மாதங்கள் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். மண்சரிவு அபாயமுள்ள தோட்டங்களை வரைபடத்தில் குறிப்பது அவர் வேலை. ஒல்லியான உடம்பு, தூக்கம் காணாத கண்கள். டிக்கெட்டை மடித்து, நகக்கண்ணில் ஏறிய மண்ணை நோண்டிக்கொண்டே வருவார்.

“கையாலயா தோண்டுறீங்க சார்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“என்னண்ணே பண்றது? நெலத்தைப் புடுங்கிருவாகன்னு தோட்டக்காரங்க பயந்து, நான் வாரதுக்கு முன்னாடியே தரையில விட்ட வெடிப்பை மண்ணப் போட்டு மூடி, மேல வாழைக்கன்னு நட்டுர்றாக. கன்னு சாகாம கையால தோண்டித்தான் பாக்கணும்.”

பையிலிருந்து இரண்டு மலைவாழைப்பழங்களை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“இன்னைக்கு ஒரு தோட்டத்து வீட்டை ஆபத்துன்னு குறிச்சிட்டு வாரேன். அந்தம்மாவுக்கு இன்னும் தெரியாது. வெயில்ல அலையிறியேப்பான்னு இதைக் குடுத்துச்சு. நீங்க சாப்புடுங்க, எனக்கு எறங்கல.”

இப்போதும் மலைப்பக்கம் மழை இருட்டினால், அந்த மனிதர் இன்று தூங்குவாரா என்றுதான் முதலில் தோன்றுகிறது.