கீழே போட்டுப் பார்த்த படம்

எங்கள் வீட்டில் கண்ணாடிப் படங்கள் இரண்டுதான். ஒன்று, அம்மா கல்யாணத்துக்கு முன்னால் கண்ணாடி மேலேயே வரைந்தது: பாலாற்றுப் பாலம், கீழே கரை முட்டத் தண்ணீர். அவ்வளவு தண்ணீரை அம்மாவும் பார்த்ததில்லை. இன்னொன்று, நான் நாலாம் வகுப்பில் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்த கம்பெனி பஸ். ஜன்னலில் அப்பா, அம்மா, தம்பி, நான். பள்ளியில் பரிசு கிடைத்ததால் அப்பா அதற்குக் கண்ணாடி போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருந்தார்.

ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசராக இருந்த அப்பாவுக்கு எத்தியோப்பியாவில் வேலை கிடைத்தது. அம்மாவும் கைக்குழந்தையாக இருந்த தம்பியும் கூடப் போவதாக முடிவானது. என்னைப் பற்றிக் கேட்டால் மட்டும் "பாக்கலாம்" என்றார்கள். நான் அதை நம்பினேன்.

அம்மா பிடிவாதம் பிடித்தது ஒரே விஷயத்துக்குத்தான். அந்தப் பாலம் இல்லாமல் விமானம் ஏற மாட்டேன் என்றாள். எனக்காக அப்படி அவள் சொன்னதாக ஞாபகம் இல்லை.

பெட்டி கட்ட மாதனூரிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி, ஷூ கம்பெனி பேக்கிங் செக்‌ஷனில் வேலை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. பெட்டியைக் கட்டியதும் இடுப்பு உயரத்திலிருந்து மூலை தரையில் படும்படி கீழே போட்டு, பிரித்துப் பார்ப்பார்கள். உள்ளே இருப்பது தாங்கினால்தான் அதே மாதிரி கட்டிய மற்ற பெட்டிகள் கப்பலுக்குப் போகும்.

"போட்டுப் பாக்காம அனுப்ப முடியாதுக்கா."

"என் படத்த கீழ போடுவியா? கைய ஒடிச்சிடுவேன்."

"உன்னுதயா? லூசா நானு? இதே சைஸ்ல வேற இன்னா கீது?"

அப்பா, அம்மா, மாமா மூன்று பேரும் டிவிக்கு மேலே பார்த்தார்கள்.

எனக்கு ஒரே பெருமை. நானே நாற்காலி போட்டு ஏறி எடுத்துக் கொடுத்தேன். "என்துதான் மொதல்ல போவுதா மாமா?" என்று கேட்டேன். "ஆமாம்மா, உன்துதான் மொதல்ல" என்றார் மாமா, டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டே. என் படம் தாங்கினால் அது போகும், அது போனால் நானும் போவேன் என்று நினைத்தேன். ஃபோம் துண்டுகளை ஒவ்வொன்றாக நானே அழுத்தி அடைத்தேன்.

மாமா பெட்டியைத் தூக்கிப் போட்டார். உள்ளே சத்தம் கேட்டது. பிரித்தபோது கண்ணாடி மூலையிலிருந்து விரிந்து உடைந்திருந்தது. ஒரு சில்லு பஸ் ஜன்னலைக் கிழித்திருந்தது.

"நல்லவேளை, இப்பவே தெரிஞ்சிது" என்றார் அப்பா. சிரித்துக்கொண்டே சொன்னார்.

"மூலையில ஃபோம் கம்மி. ஜாஸ்தி வெக்கணும்" என்றார் மாமா.

அம்மா மூச்சு விட்டு, பாலத்தைப் பழைய புடவையில் சுற்ற ஆரம்பித்தாள். கண்ணாடித் துண்டுகளை நான்தான் பொறுக்கினேன். யாரும் கையைப் பார்த்து எடு என்றுகூடச் சொல்லவில்லை.

அவர்கள் போனார்கள். நான் மாதனூரில் மாமா வீட்டில் இருந்தேன். முதல் வீடியோ காலில் அம்மா சுவரைக் காட்டினாள். "பாரு, ஒரு கீறல் இல்ல." பாலம் நன்றாகத்தான் இருந்தது. சாப்பிட்டியா என்று அப்புறம்தான் கேட்டாள்.

அந்த மூலையில் இன்னும் ஒரு துண்டு ஃபோம் வைத்திருந்தால் நானும் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் இருந்திருப்பேன் என்று பல வருஷம் நம்பினேன். மாமா வீட்டில் பாயில் படுத்து, எப்படி அடைத்திருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே இருப்பேன்.

டிக்கெட் எடுத்ததே இரண்டு பெரியவர்களுக்கும் ஒரு கைக்குழந்தைக்கும்தான். மாமா பெட்டி கட்ட வருவதற்கு முன்பே எடுத்தாகிவிட்டது. மாதனூர் பள்ளியில் எனக்கு இடமும் சொல்லியாகிவிட்டது. கொண்டுபோகிற பொருளை யாரும் கீழே போட்டுப் பார்ப்பதில்லை. அன்று நாற்காலி மேல் ஏறியபோது எனக்கு அது தெரியாது.