ஆரியசாலையிலிருந்து வராத டிக்

ஆரியசாலையில் இருக்கும் தம்பியோடு எனக்கு ஆறு வருடமாகப் பேச்சில்லை. அம்மா அவனோடுதான் இருக்கிறாள்.

அவளுக்குக் காலை மாத்திரை கொடுத்ததும் ஓர் இலவச ஆப்பில் டிக் போடுவான்; அது என் போனிலும் தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் காப்பி இறங்கும்.

இன்று டிக் வரவில்லை.

சம்பளமில்லாமல் அந்த ஆப்பைப் பராமரிக்கிறவர்களின் இணையப் பக்கத்துக்குத் திட்டி எழுதப் போனேன். எனக்கு முன்பே தம்பி எழுதியிருந்தான்.

"டிக் போகல்ல சார். அண்ணன் அங்க கெடந்து பதறுவாரு. ஒண்ணு பாருங்களேன்."

திட்ட வந்தது மறந்துவிட்டது.

மதியம் அவர்களில் ஒருவர் பதில் போட்டார். "ஆபீஸ்ல இருக்கேன் சேட்டா. சாப்பாட்டு நேரத்துல சரியாக்கிட்டேன்."

டிக் வந்தது.

நானும் அங்கே எழுதினேன்: யாருக்கும் லேசில் நன்றி சொல்லாதவன் சொல்கிறேன், நன்றி. இந்த ஆப்பில் பேசும் வசதியை மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.