தோளுக்குக் கீழே

காலை பத்து இருபது. திருப்பதியில் என் வீட்டு மேசைமேல் அந்தப் பெண் ஒரு பத்திரிகைத் துண்டை வைத்தாள். நான் முதலில் பார்த்தது அதிலிருந்த குழந்தையின் முகத்தை அல்ல. அந்த அறிவிப்பில் படத்துக்குக் கீழே விடுபட்டிருந்த இரண்டு விரல் அகல வெள்ளையை. பத்திரிகையில் பக்கம் கட்டுகிறவனின் கண் அப்படித்தான் போகும். வெற்றிடம் விட்டுப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பக் கூடாது. அது நான் கட்டிய பக்கம்.

அவள் டென்மார்க்கில் வளர்ந்தவள். மூன்று வயதில் ரேணிகுண்டா ரயில் நிலையத்தில் தனியாகக் கிடைத்து, சித்தூரில் ஒரு காப்பகத்தின் வழியாக அங்கே தத்துப் போனவள். அவளுடைய கோப்பில் ‘கைவிடப்பட்ட குழந்தை’ என்று இருக்கிறது. அது உண்மையா என்று தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தாள். காப்பகத்தின் பழைய கண்காணிப்பாளரை முதலில் பார்த்துவிட்டு, அவர் எழுதிக் கொடுத்த முகவரியோடு என்னிடம் வந்தாள்.

அந்தக் கண்காணிப்பாளரை பத்திரிகை அலுவலகத்தில் நாங்கள் மேடம் என்றுதான் அழைத்தோம். தெலுங்குக்காரர், தமிழ் பேசும் நகரி ஊர்க்காரனான என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார். கிடைத்த குழந்தையைத் தத்துக் கொடுப்பதற்கு முன், பெற்றவர்கள் இருந்தால் வரட்டும் என்று படத்தோடு பத்திரிகையில் அறிவிப்புப் போட வேண்டும். மற்ற காப்பகங்கள் தபாலில் அனுப்பிவிடும். மேடம் சித்தூரிலிருந்து பஸ் ஏறி, படத்தை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கைப்பையில் கொண்டுவருவார். இவளுக்காக அன்று கொண்டுவந்தது முழு உருவப் படம், குழந்தை காப்பகத்துக்கு வந்த அன்றே எடுத்தது. பூப்போட்ட கவுன், எண்ணெய் வைத்துப் பின்னிய இரட்டைச் சடை, இடது முழங்கையில் புத்தூர் வைத்தியர்கள் போடும் எலும்புமுறிவுக் கட்டு.

“கை தெரியணும் சார். மூஞ்சிய வெச்சு யாரு கண்டுபிடிப்பாங்க? அழுது அழுது வீங்கிக்கினு இருக்குது,” என்றார்.

“இது என்ன கல்யாண ஆல்பமா மேடம்?” என்றேன். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். கதவருகே போய்த் திரும்பி, “கை சார்,” என்று மறுபடி சொன்னார்.

மாலை ஏழு மணிக்கு விளம்பரப் பிரிவிலிருந்து ஆள் வந்தார். ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் வருகிறது, அறிவிப்பு வரும் பத்தியில் இடம் வேண்டும் என்றார். நான் குழந்தையின் படத்தைத் தோளோடு வெட்டினேன். அரை நிமிட வேலை. மறுநாள் மேடம் தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்வி: “கை எங்க சார்?” அடுத்த வாரம் முழுப் படத்தோடு மறுபடி போடுவதாகச் சொன்னேன். போடவில்லை. தத்துக் காரியம் நகர ஒரு அறிவிப்பு போதுமானதாக இருந்தது. உரிமை கோரி யாரும் வரவில்லை என்று கோப்பில் எழுதினார்கள். அந்த வாக்கியத்தில் பொய் இல்லை.

பிற்பாடு, நாடு விட்டு நாடு தத்துப் போகும் முறையைச் சீர்செய்வது பற்றி நானே பத்திரிகையில் நிறைய எழுதினேன். வெளிநாட்டுப் பெற்றோரை எப்படி விசாரிப்பது, கோப்பை யார் சரிபார்ப்பது, போன குழந்தையை எத்தனை காலம் கவனிப்பது என்றெல்லாம் யோசனை சொன்னேன். அவை சரியான யோசனைகள்தாம். ஆனால் அந்த ஏற்பாடு முழுவதிலும் பெற்றவர்களைப் பார்த்துப் பேசுவது அந்தச் சின்ன அறிவிப்பு ஒன்றுதான். அதில் எந்தப் படம் வருகிறது, எந்த மொழியில் வருகிறது, யார் கண்ணில் படும் என்று நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதியிருந்தால் என் பெயரையும் எழுத வேண்டியிருந்திருக்கும்.

மேடம் முழுப் படத்தையும் அவளிடம் கொடுத்திருந்தார். இத்தனை வருடம் அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். அன்றே காரில் புத்தூர் போனோம். கட்டுப் போடுகிறவர் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“இதுல பத்தை இல்ல, வெறும் துணி. கடைசிக் கட்டு. மொதக் கட்டுன்னா மூங்கில் பத்தை வெச்சுத்தான் கட்டுவோம். ரெண்டு மூணு தபா தூக்கிக்கினு வந்திருக்காங்க. உட்டுட்டுப் போறவங்க இப்படியா வருவாங்க?”

அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் தன் இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவர் என்னிடம் தொடர்ந்தார். “இந்தக் கை மட்டும் பேப்பர்ல வந்திருந்தா, எந்த ஊரு, யாரு ஊட்டுக் கொயந்தைன்னு எங்க நைனா அன்னிக்கே சொல்லியிருப்பாரு. கட்டுனவரு அவருதானே.”

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

திரும்பும் வழியில் வடமாலபேட்டையைத் தாண்டினோம். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், கல்யாண ஆல்பம் என்றது உட்பட. கட்டுப் போடுகிறவரின் அப்பா இப்போது உயிரோடு இல்லை என்பதையும் சொன்னேன். அவள் பையிலிருந்து பத்திரிகைத் துண்டை எடுத்து, முழுப் படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தோளுக்குக் கீழே இருந்த வெள்ளையில் விரலை வைத்து, இது எதற்கு என்று கேட்டாள்.

ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு விட்ட இடம் என்றேன். அன்று அந்த விளம்பரம் வரவில்லை.