படைக்காத பானை

அன்று வாசலில் அப்பா, அம்மா, நான், எதிர்வீட்டுப் பாய், அவர் மனைவி எல்லோரும் இருந்தோம். பாயின் மகன் வரவில்லை. வேப்பம்பட்டில் வாங்கிய வீட்டுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போயிருந்தான். மறுவாரம் பாயும் போய்விடுவார். எங்கள் மேனாம்பேட்டில் அவர்களுக்கு அதுதான் கடைசிப் பொங்கல்.

அப்பாவும் பாயும் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரே பட்டறையில் இருபது வருடம் அடுத்தடுத்த லேத்தில் நின்றவர்கள். ஆனாலும் பாய் எங்கள் வீட்டுப் பொங்கலைத் தொட்டதில்லை. "சக்கரை கீது அண்ணாத்தே" என்று கரும்பை மட்டும் வாங்கிக்கொள்வார். டீக்கடையில் அவர் ஒரு கரண்டி சர்க்கரை அதிகமாகக் கேட்பதைப் பார்த்துக்கொண்டே நாங்களும் நம்பினோம்.

"போறதுக்குள்ள ஒரு வாய் சாப்புட மாட்டாரா?" என்று அப்பா அதற்கு முந்தின வாரம் சொன்னார். எங்கள் வீட்டில் படித்தவன் நான்தான். பேசிப் பார்க்கிறேன் என்று எதிர்வீட்டுக்குப் போனேன். பொங்கல் மதமில்லை, பண்பாடு, எல்லாருக்கும் பொது என்றேன். பாய் பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ அந்தக் கற்பூரம் இன்னாத்துக்கு நைனா?"

அதுவும் பண்பாடுதான் என்று நான் ஆரம்பிக்க, பாய் கையமர்த்தினார்.

"சக்கரைலாம் ஒண்ணும் இல்ல. படைச்சத நாங்க துன்ன மாட்டோம். உங்கப்பா மனசு நோவக் கூடாதுன்னு சொன்னேன்" என்றார்.

வீட்டில் இதைச் சொல்லி, இந்த வருடம் கற்பூரம் வேண்டாம் என்றேன். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"சூரியனுக்குக் காட்டலன்னா அது பொங்கலாடா? வெறும் வெல்லச் சோறு."

படைப்பதற்கு முன்பே பாய்க்கு எடுத்துவைக்கலாமே என்றேன்.

"சாமிக்கு முன்னாடி கரண்டி போடறதா? காலேஜ்ல இதான் சொல்லிக்குடுத்தாங்களா?"

மறுபடி முறத்தை எடுத்து அரிசியைப் புடைத்தாள். பாதியில் நிறுத்திவிட்டு அவளே சொன்னாள்: "இன்னொரு பானை வாங்கினு வா."

ஆக, பொங்கலன்று வாசலில் இரண்டு அடுப்பு. ஒரு பானைக்கு அம்மா கற்பூரம் காட்டினாள். மற்றதற்கு எதுவும் இல்லை. அதுதான் முதலில் பொங்கியது. பாயின் மனைவி எங்களுக்கு முன்னால் "பொங்கலோ பொங்கல்" என்று கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

பாய் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

"சக்கரை ஏறிடப்போவுது பாய்" என்றார் அப்பா.

"வெறும் வெல்லச் சோறுதான்" என்றாள் அம்மா.

"அதத்தாம்மா இருவது வருசமா கேக்காம இருந்தேன்."

அந்த இரண்டாவது பானை, அதற்கான பச்சரிசி, வெல்லம், நெய் எல்லாம் சேர்த்து மொத்தமே நானூற்று இருபது ரூபாய்தான் ஆனது.