மண்ணா, தண்ணியா: ஹட்டன் கடையில் கேட்ட பேச்சு

செடிச் சாமான் விற்கிற கடையில் நிற்பவர்களின் தலையெழுத்தே தனி: ஆளுக்கு நோய் வந்தால் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், செடிக்கு நோய் வந்தால் அது செத்த பிறகுதான் எங்களிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து கொஞ்சம் ஏறினால் எங்கள் கடை. நுழைந்ததும் இடது பக்கம் மண் பை, கூட்டெரு, விதைப் பாக்கெட். வலது பக்கம் மண்ணே இல்லாமல் சத்துத் தண்ணீரில் செடி வளர்க்கிற பெட்டிகளும் குழாய்களும். நடுவில் நான். வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எது நல்லது?" என்றுதான். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியதைப் போலவே, பதிலை நம்பி நீங்கள் வைத்த செடியும் எங்கேயாவது வற்றியிருக்கும். கூச்சப்படாமல் படியுங்கள், எல்லாரும் நம் ஆட்கள்தான்.

வேர் பார்த்த கொண்டக்டர்

ஆறுமுகம் அண்ணன் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை, ஏதாவது வளர்க்கலாம் என்று வந்தார். காட்சிக்கு வைத்திருந்த, தெர்மோகோல் மாதிரியான ரெஜிபோம் பெட்டியில் சலாது இலை பச்சைப் பசேலென்று நின்றதைப் பார்த்து, "மண்ணை எங்கேம்மா ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். மண் கிடையாது, செடிக்கு வேண்டிய சத்தெல்லாம் தண்ணீரில் கரைந்திருக்கிறது என்று சொல்லி மூடியைத் தூக்கிக் காட்டினேன். வெள்ளை வெளேரென்ற வேர்கள் தண்ணீரில் ஆடின.

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பக்கத்தில் இருந்த பெரிய பெட்டியில் காற்றுக் குமிழி விடுகிற சின்ன மோட்டரையும் பார்த்தார். அது எதற்கு என்றார். வேருக்கும் காற்று வேண்டும் என்றேன். நிமிர்ந்து சட்டையைச் சரி செய்துகொண்டு, வலது பக்கத்தை விட்டு மண் பைகள் பக்கம் நடந்தபடியே சொன்னார்: "தண்ணிக்குள்ள விடுறீங்க, தீனி போடுறீங்க, காத்தும் குடுக்குறீங்க. அப்ப இது செடி இல்லைங்க, மீனு."

தேயிலை மண்ணும் பீட்ரூட்டும்

மண் பக்கம் போனவர்கள் எல்லாம் தப்பித்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கண்டாக்கையாவாக இருப்பவர், மலையில் வேலைகளை மேற்பார்க்கிற பெரிய மனிதர், ஒரு நாள் கைக்குட்டையில் எதையோ பொதிந்து கொண்டுவந்து மேசையில் வைத்தார். பிரித்தால் நெல்லிக்காய் அளவில் ஒரு பீட்ரூட். இலையெல்லாம் மஞ்சள்.

எந்த மண் என்று கேட்டேன். தேயிலை மலையிலிருந்து அள்ளிவந்த முதல்தர மண் என்று பெருமையாகச் சொன்னார். தேயிலைக்குப் புளிப்பு மண் பிடிக்கும், பீட்ரூட்டுக்கு அது ஆகாது, கொஞ்சம் டொலமைட் சுண்ணாம்புத் தூள் கலந்து மண்ணை ஆறப்போட்டுவிட்டு நடுங்கள் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அப்படியானால் தண்ணீரில் பீட்ரூட் வைக்கலாமா என்று கேட்டார். தண்ணீர் முறையில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் கீரை, சலாது, புதினா மாதிரி இலைகள்தான் லேசு, கிழங்குக்கு மண்தான் சுகம் என்றேன். இரண்டு வாசலும் அடைபட்ட மாதிரி அந்த பீட்ரூட்டை மறுபடியும் பொதிந்தார். டொலமைட்டை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "எங்க தோட்டத்துத் தேயிலைய சீமையில குடிச்சிட்டு நல்லாருக்குன்னு சொல்றான். இந்தப் பீட்ரூட்டுக்கு மட்டும் என்னங்க கொம்பா மொளைச்சிருக்கு?"

கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமை

நோர்வூட்டில் ஒரு கணக்கு வாத்தியார். எதையும் முறையாகச் செய்கிறவர். எடுத்த எடுப்பிலேயே குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிற பெரிய செட்டைக் கேட்டார். முதலில் மோட்டர் தேவைப்படாத சின்னப் பெட்டியில் பழகுங்கள் சார் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கிற ஆளில்லை. வீட்டுக்குப் பின்னால் பொருத்தினார். செடிகளும் நன்றாகவே வந்தன. தினமும் படம் எடுத்து எனக்கு அனுப்புவார். நானும் பெருவிரல் காட்டிப் பதில் போடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காற்றில் சவுக்கு மரம் கம்பியில் விழுந்து ஊர் முழுக்க கரண்ட் இல்லை. மோட்டர் நின்றுவிட்டது, குழாயில் தண்ணீர் ஓடவில்லை, வேர் காயத் தொடங்கிவிட்டது. வாத்தியார் போனில் பதறினார். தொட்டியில் இருக்கிற தண்ணீரை மொண்டு குழாயின் மேல் வாயில் ஊற்றிக்கொண்டே இருங்கள், கரண்ட் வரும்வரை அதுதான் வழி என்றேன். மனுசன் சாப்பாட்டை விட்டுவிட்டு ஊற்றியிருக்கிறார். செடிகள் பிழைத்துவிட்டன.

மறுநாள் அவருடைய மனைவி கடைக்கு வந்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். செடியெல்லாம் நலமா அக்கா என்று மெதுவாகக் கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து எனக்கு ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடுத்ததில்ல இந்த மனுசன். நேத்து விடிஞ்சதுலருந்து பொழுது சாயுற வரைக்கும் அந்த இலைகளுக்கு மொண்டு ஊத்துறாரு."

முதலாளி வைத்த போட்டி

எங்கள் முதலாளி சலீம் நானாவுக்கு வலது பக்கம் விற்க வேண்டும் என்று ஆசை. அங்கேதான் சரக்கு தேங்கிக் கிடந்தது. அதனால் கடை வாசலில் ஒரு போட்டி வைத்தார். ஒரே விதை, ஒரே நாள்: ஒரு பெஞ்சின் மேல் தண்ணீர்ப் பெட்டி, கீழே மண் பை. எது முந்துகிறது என்று ஊரே பார்க்கட்டும் என்றார்.

ஊரும் பார்த்தது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள். தண்ணீரில் இருந்தது மளமளவென்று வந்தது. மண்ணில் இருந்தது யோசித்து யோசித்து வந்தது. முதலாளி வருகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். இரண்டு பெட்டிகளுக்கு ஆர்டரும் வந்தது. ஆறுமுகம் அண்ணன் தினமும் வந்து மண் பைக்கு முன்னால் நின்று, பரீட்சை எழுதப் போகும் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்.

ஒரு மத்தியானம் நாங்கள் உள்ளே சாமான் அடுக்கிக்கொண்டிருந்தபோது, டவுனில் சுற்றுகிற மாடு ஒன்று வாசலுக்கு வந்துவிட்டது. நான் விளக்குமாற்றோடு ஓடுவதற்குள் மண் பையில் இருந்ததை மொட்டையாக்கிவிட்டு, பெஞ்சில் இருந்த பெட்டியையும் மோந்து பார்த்தது. என்ன நினைத்ததோ, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். எதிராளி ஒழிந்தான், தண்ணீர்ப் பெட்டிதான் ஜெயித்தது என்று அறிவிக்கப் போனார். அதற்குள் ஆறுமுகம் அண்ணன் வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டார். மொட்டைப் பையையும் முழுசாக நின்ற பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கூடியிருந்த ஆட்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னார்: "நானா, திங்கிறவனக் கேட்டாத்தானே ருசி தெரியும். மாடு சொல்லிட்டுப் போயிருச்சு."

ஆர்டர் கொடுத்த இரண்டு பேரும் மண் பையோடு போனார்கள்.

மண் வேண்டாம் என்ற அக்கா

லெச்சுமி அக்கா அக்கரப்பத்தனைப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் சின்னத் தோட்டம் வைத்திருந்தார். லீக்ஸ், மல்லி, உருளைக்கிழங்கு என்று அதில் இல்லாதது இல்லை. எங்களிடம் விதை வாங்குகிறவர்களில் செடியை உயிரோடு வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான் என்று முதலாளி வேடிக்கையாகச் சொல்வார். போன மழையில் மேட்டு மண் சரிந்து லயத்துக்குள் வந்துவிட்டது. எல்லாரும் மலைக்கு வேலைக்குப் போயிருந்த நேரம், ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீடும் தோட்டமும் போய்விட்டன. அக்காவும் புருஷனும் அக்காவின் தங்கச்சி வீட்டில் இருந்தார்கள். அங்கே முற்றமெல்லாம் சீமெந்து.

கடைக்கு வந்தவர் எப்போதும் போல இடது பக்கம் போகவில்லை. பெட்டிகள் பக்கம் நின்றார். எனக்கு அது புரியாமல், பையில் மண் போட்டு சீமெந்துத் தரையில் வைக்கலாம் அக்கா, செலவும் குறைவு, உங்களுக்குக் கைவந்த வேலைதானே என்று அளந்துகொண்டே போனேன். அவர் கையை லேசாக உயர்த்தினார். "மண்ணு வேணாம் தங்கச்சி. கட்டில் வரைக்கும் வந்துச்சு. இப்ப அதத் தொட்டா மேலு நடுங்குது. கையும் சும்மா இருக்க மாட்டேங்குது." மீன் கடையில் கழித்த ரெஜிபோம் பெட்டியே போதும் என்று சொல்லி, மூடியில் ஓட்டை போடுவதையும் சத்துத் தண்ணீர் கலப்பதையும் காட்டிக்கொடுத்தேன்.

முதல் தடவை பாசத்தில் பெட்டி நிறைய ஊற்றிவிட்டார், வேர் அழுகிப்போனது. தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவில் வேர் மூச்சு விட இடம் விடுங்கள் என்றேன். இரண்டாம் தடவை நன்றாக வந்தது. ஒரு நாள் பேப்பரில் சுற்றிய சலாதுக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். வீட்டில் யாரும் சாப்பிடவில்லையாம். ஆட்டுக்குப் போடுகிற இலை என்று சொல்லிவிட்டார்களாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். மழைக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

போகிறவர் வாசலில் நின்றார். வீட்டுக்காரர் உருளைக்கிழங்கு கேட்கிறார், பெட்டியில் வருமா என்றார். அதற்கு மண் வேண்டும் அக்கா என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நான் சொல்லாததை அவரே புரிந்துகொண்டார். இடது பக்கம் போய், அடுக்கியிருந்த பைகளில் ஒன்றின் மேல் விரல் நுனியை வைத்தார். விரலை எடுத்தார். மறுபடியும் முழுக் கையையும் வைத்து அமுக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "பைக்குள்ள கட்டி வச்ச மண்ணு எங்கயும் ஓடிப்போவாதுல்ல, தங்கச்சி?"

அன்றிலிருந்து மண்ணா தண்ணியா என்று யார் வந்து கேட்டாலும், விலை சொல்வதற்கு முன்னால் உட்கார நாற்காலி எடுத்துப் போட்டு என்ன ஏது என்று கேட்கிறேன். இதனால் வியாபாரம் மெதுவாகத்தான் நடக்கிறது என்று முதலாளிக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்.